அந்நிய ஏஜெண்ட் யார்?

(திருச்சுழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். சட்டம் பேசச் சொல்லிவிட்டீர்கள். வங்கி கிளார்க்குக்கு பாரம் நிரப்புகிறவன் படும் பாடு தெரியும், அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

சேரியில நாலு பேர் கூடினாலே 'வெளிநாட்டுக் காசா?' என்கிறான். வலதும் கேட்குது, இடதும் கேட்குது. கேட்கட்டும். கரிமூட்டம் போடுகிற நம்ம சனங்களின் படத்தைக் காட்டி வாங்கின காசுக்கு, அந்தச் சனங்களிடம் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் அதையா கேட்கிறது?

அமெரிக்காவில் நாஜிப் பிரச்சாரத்துக்குப் பயந்து 1938-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்நியனுக்காக அரசியல் வேலை செய்கிறவன் யாருக்காக, எவ்வளவுக்கு என்று பதிந்துவிட்டுச் செய்யலாம். நம்முடைய அந்நிய நன்கொடைச் சட்டம் எமர்ஜென்சியில், 1976-இல் பிறந்தது. 2010-இல் புதுச் சட்டமாக வந்தது. இங்கே பதிவு என்றால் அனுமதி. ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும், உள்துறை மனசு வைக்கணும்.

2020-இல் திருத்தினார்கள். எந்த ஊருக்கு வர வேண்டிய காசானாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் முதலில் இறங்கணும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 50 வரை இருந்தது, 20 ஆயிற்று. வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இதுதான் பெரிய அடி. மதுரையிலோ சென்னையிலோ உள்ள அமைப்பிடம் கொஞ்சம் வாங்கி மாலைப்பள்ளி நடத்துகிற கிராமத்துச் சங்கம் இனி தானே டெல்லிக்கு எழுதணும். ஆடிட்டர் கூலியும் அந்த 20-க்குள்தான். 2022-இல் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்றுவிட்டது.

குஜராத்தில் தீண்டாமையைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தது நவசர்ஜன் என்கிற தலித் அமைப்பு. 2016-இல் அதன் பதிவை ரத்து செய்தார்கள். சாதிகளுக்கிடையே நல்லிணக்கத்தைக் கெடுக்கிறதாம்! ரெட்டை டம்ளர் வைத்தவன் கெடுக்கவில்லை, எண்ணினவன் கெடுத்துவிட்டான்.

இப்போ மறுபக்கம். லண்டன் வேதாந்தாவின் துணைக் கம்பெனிகளிடம் காங்கிரசும் பாஜகவும் நன்கொடை வாங்கின. அதிலே ஒன்று ஸ்டெர்லைட். அது அந்நியக் காசுதான், சட்ட மீறல்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. கட்சிகள் காசைத் திருப்பவில்லை, சட்டத்தைத் திருப்பின. அந்நிய மூலம் என்பதன் வரையறையையே 2016 நிதி மசோதாவில் மாற்றினார்கள். அது 2010 வரைக்கும்தான் எட்டியது. பழைய காசு மாட்டிக்கொண்டது. 2018 மார்ச்சில் இன்னொரு நிதி மசோதா. திருத்தம் 1976 ஆகஸ்ட் 5 முதல் அமல்! மக்களவையில் விவாதம்கூட இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பின்னோக்கி மன்னிப்பு. எங்க வங்கியில் ஒருநாள் தேதியை முன்தள்ளிப் போட்டால் சஸ்பெண்ட்.

அதே 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லிப் போன சனத்தில் 13 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நமக்கு எட்டின தூரம்தான் தூத்துக்குடி. அந்தச் சனத்தையும் 'யாரோ தூண்டிவிட்டார்கள்' என்றுதான் சொன்னார்கள்.

கேட்கிறவனிடம் இந்த மூன்று வருஷங்களைச் சொல்லுங்கள்: 2014, 2016, 2018. பாரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் இப்போ கேளுங்க, கடைசி பஸ் வரைக்கும் இருக்கிறேன்.