கம்ப்யூட்டரும் கண் திருஷ்டியும்

(தூத்துக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வீட்டிலுள்ள மேஜைக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி கிழடாகிப் போனால் அதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படி மாற்றுவது என்பதாகும். "இது ரிப்பேர் கடைக்காரர் பேசவேண்டிய பேச்சல்லவா, இதற்கு ஒரு கூட்டமா, தலைவரா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. புராணத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால், அங்கே கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் குங்குமப் பொட்டும், பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கின்றன. மேடையில் ஒன்று, மேஜையில் ஒன்று என்றால் அந்தப் பகுத்தறிவுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய வழக்கமும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து வியாபாரி, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு வரி. இருபதில் ஒரு பங்கு, குளிக்கிறவனைச் சுறா கடிக்காமல் மந்திரத்தால் கட்டுகிற பிராமணர்களுக்கு. அதிலும் ஒரு சாமர்த்தியம் பாருங்கள். மந்திரம் பகலுக்கு மாத்திரந்தான். ராத்திரி கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! அப்புறம் மறுநாள் மறுபடியும் கட்டவேண்டும், மறுபடியும் பங்கு கொடுக்கவேண்டும். மூச்சைப் பிடித்து அடியில் இறங்கினவன் பாவம் குளிகாரன். கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தவனுக்கு இருபதில் ஒன்று.

பின்னாளில் இந்த உத்தியோகத்துக்குக் 'கடல்கட்டி' என்றே பெயர் வந்தது. வெள்ளைக்கார சர்க்கார் சலாபம் நடத்தின காலத்திலும், கடல்கட்டி இல்லாவிட்டால் குளிகாரர் இறங்கமாட்டார்கள் என்பதற்காக அவனை வைத்துக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைச் சலாபத்தில் இருந்த கடல்கட்டி கத்தோலிக்கராய் இருந்தாராம். மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை; வரும்படி இருக்கிறபோது எதற்காக மாறவேண்டும்? அத்தனை படகும் அத்தனை ஆளும் அத்தனை கூச்சலும் கூடின இடத்தைச் சுறா தானாகவே விட்டு விலகியிருக்கும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினவர்கள் உண்டு.

நிற்க. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய சலாபம் நடக்கவில்லை. ஆனால் 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும் சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். சுவாதி மழைத்துளியும் தேவைப்படவில்லை, கடல்கட்டியும் தேவைப்படவில்லை. அந்த ஊர்க்காரர்களாகிய நாம் இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குக் கடல்கட்டி தேடுவது நியாயமா?

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். கடையில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லுவார்கள். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரம். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ ஆடாமல் அசையாமல் நிற்கிற 12, 5, 3.3 வோல்ட். ஆகவே இந்தப் பெட்டி முதலில் அந்த மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பி, சுமார் 325 வோல்ட்டாக ஒரு தொட்டியில் தேக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பதினாயிரக்கணக்கான தடவை வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாய் அனுப்பிக் குறைத்து, மறுபடியும் சில சிறு தொட்டிகளில் தேக்கிச் சமப்படுத்திக் கொடுக்கிறது.

தொட்டி என்றேனே, அதற்குப் பெயர் கெபாசிட்டர். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு திரவத்தில் ஊறின காகிதத்தை வைத்துச் சுருட்டி டப்பாவில் அடைத்திருப்பார்கள். பெட்டி கிழடாவது என்பது பெரும்பாலும் இந்தத் திரவம் வற்றுவதுதான். உப்பளத்தில் பாத்தி வற்றுவது உங்களுக்குத் தெரியாததல்ல. மாசியில் வற்றுகிற வேகம் ஒன்று, சித்திரையில் வற்றுகிற வேகம் ஒன்று. இங்கேயும் உஷ்ணந்தான் எஜமான். சுமாராக 10 டிகிரி உஷ்ணம் ஏறினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகிறது என்பது கணக்கு.

105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதப்பட்ட கெபாசிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் அது 32,000 மணி உழைக்கும். தினம் 8 மணி ஓட்டினால் ஏறக்குறைய 11 வருஷம். அதே பெட்டி 75 டிகிரியில் வெந்தால் 16,000 மணி, அதாவது ஐந்தரை வருஷம். இந்த 10 டிகிரி எங்கிருந்து வருகிறது? பின்பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் அடைத்த தூசியிலிருந்து வருகிறது. பெட்டியின்மேல் போர்த்திய பூ வேலைத் துணியிலிருந்து வருகிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்து வரிவரியான துவாரத்தின்மேலேயே பூசுகிறார்களே, அதிலிருந்தும் வருகிறது. ஆயுள் விருத்திக்காகச் செய்கிற பூஜையே ஆயுளைப் பாதியாக்குமானால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

நம் ஊரில் இன்னொரு கேடும் உண்டு. கடற்காற்றில் உப்பு வருகிறது. அது தூசியோடு சேர்ந்து உள்ளே படிந்து, ராத்திரி ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் ஓடக்கூடாத இடத்திலும் கொஞ்சம் ஓட வழி பண்ணுகிறது; தகரத்தையும் அரிக்கிறது. உள்நாட்டு ஊர்களில் பத்து வருஷம் போகிற சாமான் இங்கே அவ்வளவு போகாவிட்டால் அதற்குச் சனி காரணமல்ல.

நமக்குத் தெரிந்த ஒருவர், உப்பு வியாபாரம் செய்கிறவர், நம் கூட்டங்களுக்கும் வருகிறவர்தான். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் சாயங்கால வேளைகளில் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. வீட்டில் உள்ளவர்கள் "கண் பட்டுவிட்டது" என்றார்கள், எலுமிச்சம்பழம் வந்தது. பிறகு வாஸ்து பார்க்கிறவர் வந்து, மேஜை இருக்கும் மூலை சரியில்லை என்று சொல்லி, மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மேஜையை ஜன்னலோரத்துக்கு மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், மாற்றின பிறகு நான்கு நாள் கம்ப்யூட்டர் ஒழுங்காய் ஓடிற்று! எல்லோரும் "பார்த்தீர்களா?" என்றார்கள். ஜன்னலோரம் காற்று வந்தது; தூக்கிவைத்தபோது தூசி உதிர்ந்தது; தளர்ந்திருந்த பிளக்கை இறுக்கிச் சொருகினார்கள். இவ்வளவுதான் நடந்தது. ஐந்தாம் நாள் பெட்டி படாரென்று வெடித்து, தன்னோடு ஹார்டு டிஸ்க்கையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருஷக் கணக்கு அதில் இருந்தது. நகல் வைத்திருக்கவில்லை. படிக்கிற பெண் பரீட்சை சமயத்தில் பிரௌசிங் சென்டருக்கு அலைந்தாள். முதல் தடவை அணைந்தபோதே புதுப் பெட்டி வாங்கியிருந்தால், வாஸ்துக்காரருக்குக் கொடுத்த மூவாயிரத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

கடைசியில் புதுப் பெட்டியையும் புது டிஸ்க்கையும் மாட்டினது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்தான். "பொம்பிளைப் பிள்ளை கரண்டில் கை வைக்காதே" என்று எத்தனையோ நாள் சொல்லி வளர்த்த பெண், ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டாள்.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு சில வருஷங்கள், சரக்குக் கெட்ட கெபாசிட்டர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் உப்பி வெடித்தன. அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2005-ல் இதற்காகவே 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. அத்தனை தேசத்து மேஜைகளுக்கும் ஒரே காலத்தில் கண் பட்டுவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? திரவத்தின் சேர்மானம் தப்பு, வேறொன்றுமில்லை.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது, "உள்ளே ஏதோ இருக்கிறது" என்று சொல்லுகிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏதும் இல்லை. வெளியே எர்த் இல்லை. மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்களைத் தகரக் கூட்டோடு இணைத்திருப்பார்கள். எர்த் கம்பி இல்லாவிட்டால் அந்தக் கூடு ஏறக்குறைய பாதி வோல்ட்டில் நிற்கும். ஓடுகிற மின்சாரம் சொற்பமானதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் ஒருநாள் உள்ளே நிஜமான பழுது வந்தால், அதே கூடு ஆளை அடித்துவிடும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள்ளாகச் சொருகுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

சரி, பெட்டி கிழடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டனை இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் எழுந்திருக்கும். வேலை கூடினபோது அணைந்து மறுபடி தொடங்கும். விசிறி முனகும், கருகின வாசனை வரும். இவைகளெல்லாம் அறிகுறிகளே ஒழிய சாட்சியம் அல்ல. நினைவுப் பலகை தளர்ந்தாலும், பிராசஸர் சூடேறினாலும் இதே போலத்தான் நடக்கும். ஆகையால் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது சும்மா தொங்குகிற நான்கு முள் பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள், சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75-லிருந்து 5.25-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வெளியே போனால் மாற்றவேண்டியதுதான். உள்ளே இருந்தாலும் நல்லது என்று தீர்மானித்துவிட வேண்டாம். மீட்டருக்குத் தெரியாத நடுக்கம் இருக்கலாம். நண்பர் வீட்டு நல்ல பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாட்டி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு போனால் குற்றவாளி அகப்பட்டான்.

வாங்கும்போது எடையையும் பெயரையும் பாருங்கள். 500, 600 ரூபாய்க்கு '450 வாட்' என்று சீட்டு ஒட்டி வருகிற பெட்டியில் பாதிகூட இராது. பட்டப் பெயரைப் பார்த்துப் பண்டிதர் என்று நம்புவது போலத்தான் அது. தனிப் படப்பலகை இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் 100 வாட்டுக்குக் கீழேதான் தின்னும். 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல 400 அல்லது 450 வாட் பெட்டி சுமார் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்தைந்நூறுக்குள் கிடைக்கும், அதற்குமேல் வீண். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவை வகுத்தபடியால் யார் செய்த பெட்டியும் யார் செய்த கூட்டிலும் பொருந்தும். சில கம்பெனிக்காரர்கள் மாத்திரம் தங்களுக்கென்று தனிப் பிளக்கு, தனி அளவு வைத்து மற்றவர்களோடு சேராமல் இருக்கிறார்கள். எங்கேயும் சாதி உண்டு போலிருக்கிறது. ஆகவே பழைய பெட்டியை அளந்து, பிளக்குகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை. முதலில் முக்கியமான கணக்குகளுக்கு நகல் எடுங்கள். சுவர்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். பின்னால் நான்கு திருகு. உள்ளே தாய்ப்பலகைக்கு 24 முள் பிளக்கு ஒன்று, பிராசஸருக்கு 4 அல்லது 8 முள் ஒன்று, டிஸ்க்குக்குத் தட்டையானது ஒன்று. கொக்கியை அமுக்கிக் கழற்றவேண்டும், இழுக்கக்கூடாது. தப்பாகச் சொருகினால் ஏறாது, பலவந்தம் செய்யாதீர்கள். ஒன்றை மாத்திரம் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். இந்த விஷயத்தில் பயம் மூடநம்பிக்கை அல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டி, இந்த ஜில்லாவே மிதந்தபோது நனைந்த பெட்டிகளை வெயிலில் காயவைத்து மறுபடி சொருகலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. நீர் காயும், சேறும் உப்பும் காயாது. வெள்ளத்தில் மூழ்கின எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மறுபடி சொருகவே கூடாது.

பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால், தாமிரத்துக்காகக் கம்பியை எரிப்பார்கள். அந்தப் புகையை மூக்கில் வாங்குகிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். காலங்காலமாக அழுக்கு வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட அதே ஜனங்கள்தான். 2023 ஏப்ரல் 1 முதல் அமுலில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்கவேண்டும். வாங்குகிற கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு அங்கே சேர்ப்பார்களா என்று கேளுங்கள்.

மூடி கழற்றின பழைய பெட்டி ஒன்றை இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாய் மின்சாரம் காட்டவில்லை. தேங்கியது இறங்கிவிட்டதா என்று மீட்டரும் வைத்துப் பார்த்துத்தான் கொண்டு வந்தேன். தலை உப்பின கெபாசிட்டர்கள் மூன்று இருக்கின்றன. தாய்மார்கள் முதலில் வந்து பாருங்கள். கேள்விகளையும் அங்கேயே கேட்கலாம்.