டவர் ஹில்: சித்திரத்திலிருந்து தழைத்த வனம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வார்ணம்பூல் என்னும் கடற்கரைப் பட்டினத்திற்குச் சமீபமாக, அவிந்துபோன எரிமலையொன்றின் அகன்ற வாய்க்குள் ஏரியும் குன்றுகளும் மரச்செறிவுமாக அமைந்திருக்கிறது டவர் ஹில் வனவிலங்குக் காப்பகம். சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன் அம்மலை நெருப்பைக் கக்கியதாகப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். அவ்வட்டாரத்தில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து 1947-இல் ஒரு கற்கோடரி அகப்பட்டதால், மலை கொதித்தெழுவதற்கு முன்னரே மனிதர் அங்கே நடமாடினர் என்பது விளங்குகிறது. கொரோயிட் குண்டிஜ் என்னும் ஆதிக்குடியினரின் பூமி அது.

1855-இல், ஜேம்ஸ் டாசன் என்ற நிலக்கிழாரின் வேண்டுகோளுக்கிணங்க, வியன்னாவில் பிறந்த யூஜின் வான் கெரார்ட் என்னும் ஓவியர் அந்த எரிமலை வாயை, இன்ன மரம், இன்ன புதர் என்று அடையாளம் காணுமளவுக்குத் துல்லியமாக எழுதிவைத்தார். அத்தகைய நுணுக்கம் கலைக்கு அழகன்று என்று பிற்பாடு முகம் சுளித்த விமரிசகர்களும் உண்டு. இதற்கிடையே, குடியேறிகள் அங்கிருந்த மரங்களை வெட்டி, ஆடுமாடுகளை மேயவிட்டு, கல்லும் தோண்டி, அவ்விடத்தை மொட்டையாக்கினர். 1892-இல் விக்டோரியாவின் முதல் தேசியப் பூங்கா என்ற பட்டம் கிடைத்தும் அந்தச் சீரழிவு நிற்கவில்லை; சட்டப் புத்தகத்தில் ஏறிய பெயர் ஒரு செடியையும் காப்பாற்றாது போலும்!

1961-இல் அது வனவிலங்குக் காப்பகமாக்கப்பட்ட பின்னர், எங்கே எதை நடுவது என்ற கேள்விக்கு விடையளித்தது, விமரிசகர்கள் குறைகூறிய அந்த நுணுக்கந்தான். படத்தை முன்வைத்துத் தொண்டர்களும் பள்ளிச் சிறுவர்களும் லட்சக்கணக்கில் நாற்றுகளை நட்டனர். இன்று கோலாக்களும் ஈமுக்களும் அங்கே சுகமாக உலவுகின்றன.

எனினும், எந்தக் கிழங்கு உணவாகும், எந்த இலை மருந்தாகும், எந்த நாரில் கூடை பின்னலாம் என்பதைச் சித்திரம் சொல்லாது. வோர்ன் குண்டிஜ் என்னும் பழங்குடியினர் நிறுவனம் பல்லாண்டுகளாக நடத்திவந்திருக்கும் வழிகாட்டு நடையில்தான் அது காதில் விழும். ஆகையால், அங்கே போகும் வாய்ப்புப் பெற்றவர்கள், காரிலிருந்து இறங்காமலே ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பாமல், அந்த வழிகாட்டிகளின் பின்னே சற்று நடந்து செல்லுங்கள். ஈமு எவ்வளவு உரிமையோடு அருகில் வந்தாலும், தயைகூர்ந்து தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள்.