எரிந்த நகரமும் 108 வகை ஹிம்சையும்



போர் என்றால் கொலை இருக்கவே செய்யும். அங்கே அஹிம்சைக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. ஜைன அறம் அவ்வாறு கைவிட்டுவிடவில்லை. நாட்டையும் குடியையும் தாக்க வருபவனை எதிர்த்து நிற்பது விரோதி ஹிம்சை. இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தலைவராகப் போர் செய்தவரே. ஆனால், கொல்வதையே கருதிக் கொல்லும் சங்கல்ப ஹிம்சை இல்லறத்தாருக்கும் அறவே விலக்கப்பட்டது. முன்னது எவ்விடத்தில் பின்னதாக மாறுகிறது? டோக்கியோ நகரத்தின் ஓர் இரவு இக்கேள்வியை எழுப்புகிறது.

1945 மார்ச் 9 இரவு, தளபதி கர்டிஸ் லெமேயின் ஆணைப்படி, மரியானா தீவுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் புறப்பட்டன. அவை சுமந்தவை பெரும்பாலும் நேபாம் நிரப்பிய தீக்குண்டுகள். சுமிதா ஆற்றங்கரையில் எளிய மக்கள் நெருங்கி வாழ்ந்த மரவீடுகளின் மீது அவை பொழியப்பட்டன. பலத்த காற்று தீயை ஒன்றாக்கியது. தண்ணீரைத் தேடிக் கால்வாய்களில் இறங்கியவர்களிலும் பலர் மாண்டனர். விடிவதற்குள் ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர் சாம்பலாயிற்று; இறந்தோர் சுமார் 1,00,000 பேர். ஹிரோஷிமாவை அறியாதவர் இல்லை. இந்த இரவை அறிந்தவர் சிலரே.

தத்துவார்த்த சூத்திரம் தீவினையை நுணுகிப் பகுக்கிறது. எண்ணித் துணிதல் சம்ரம்பம். கருவிகளைத் திரட்டுதல் சமாரம்பம். செயலில் இறங்குதல் ஆரம்பம். இம்மூன்றையும் மனம், வாக்கு, காயம் என்ற மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்றாலும், குரோதம், மானம், மாயை, லோபம் என்ற நான்காலும் பெருக்கினால் 108 ஆகும். ஜபமாலையின் 108 மணிகளுக்கு இதையே காரணமாகச் சொல்வாரும் உண்டு.

டோக்கியோவின் சமாரம்பம் 1943இலேயே தொடங்கியது. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், டக்வே என்னும் சோதனைத் தளத்தில், ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பைப் போலவே மரவீடுகள் கட்டப்பட்டன. தரையில் ததாமி பாய்கள்கூட விரிக்கப்பட்டன. அவற்றின் மீது தீக்குண்டுகளை வீசி, தீ எவ்வாறு பற்றுகிறது என்று கணக்கெடுத்தனர். அவ்வீடுகளை வடிவமைத்த ஆன்டனின் ரேமண்ட் பல ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்து கட்டடங்கள் எழுப்பிய கலைஞர். ஒரு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற அறிவே அவர்களை எரிக்கும் கருவியாயிற்று. இலக்கு தவறி வீட்டின் மேல் விழுந்த குண்டுகள் அல்ல இவை, வீடே இலக்கு.

மறுபக்க வாதமும் வலுவற்றதன்று. ஜப்பான் சீனத்தின் சுங்கிங் நகரின் மீது ஆண்டுக்கணக்கில் குண்டு வீசியது. டோக்கியோவின் குடிசைகளில் போர்த்தளவாடங்களின் உதிரிகள் செய்யப்பட்டன. போர் விரைந்து முடிந்தால் இரு தரப்பிலும் உயிர்கள் மிஞ்சும் என்றனர். ஆயினும் தோற்றிருந்தால் தங்களைப் போர்க் குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமேயே கூறியதாக, அவருக்குக் கீழே கணக்காய்வு செய்த ராபர்ட் மெக்னமாரா முதுமையில் ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். அக்கருத்தைத் தாமும் ஏற்றார்.

செய்தவர் விமானிகள், செய்வித்தவர் தளபதிகள். உடன்பட்டவர் யார் என்பதே கடினமான கேள்வி. ஜெர்மானிய நகரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, 1944 பிப்ரவரியில், பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ஆயர் ஜார்ஜ் பெல் எழுந்து அத்தாக்குதலை எதிர்த்துப் பேசினார். லண்டன் மக்களும் குண்டுக்கு இரையான காலம் அது. கேட்டவர்களில் பலருக்கு அவர் பேச்சு கசந்தது. போரை அவரால் நிறுத்த இயலவில்லை. உடன்பாட்டைத் தர மறுக்க இயன்றது. இன்று எரியும் நகரத்தைத் தொலைக்காட்சியில் கண்டு, எரிவது எதிரியின் ஊர் என்று மகிழ்வோர் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை 108இல் தேடிக்கொள்ளலாம்.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்குச் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறை, ஒரு நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கொண்டு தாக்குவதைத் தடை செய்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அஹிம்சையின் தாயகமான இந்தியாவும் அதில் சேரவில்லை.

டோக்கியோவின் யோகோஅமிச்சோ பூங்காவில் ஒரு நினைவு மண்டபம் உள்ளது. முதலில் 1923 நிலநடுக்கத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டது. விமானத் தாக்குதல்களில் இறந்த சுமார் 1,05,000 பேரின் சாம்பலுக்கும் பின்னர் அதே மண்டபத்தில் இடம் தரப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று அங்கே வழிபாடு நடக்கிறது.