பிறந்த வீடும் திறந்த வாசலும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும், தொழுகை முடிந்து நாம் கூடி நிற்கும் பள்ளிவாசல் வாயிலிலும் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "காரில் வந்து காரில் போகிறவருக்கு நம் கஷ்டம் என்ன தெரியும்? நம்மைப் போல் துன்பப்பட்டு வந்தவருக்குத்தான் நம் துன்பம் புரியும்" என்பர் சிலர். வேறு சிலரோ, "வசதியுள்ள வீட்டில் பிறந்தவர் கையை நீட்ட மாட்டார், பசித்து வந்தவர் முதலில் தம் வயிற்றைத்தான் பார்ப்பார்" என்று மறுத்துரைப்பர். இரு சாராரும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்று தெரிந்துகொண்டால், அவர் எப்படி ஆள்வார் என்பதும் தெரிந்துவிடும் என்பதே அக்கருத்து. அது எந்த அளவுக்கு உண்மை என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். எந்தக் கட்சியையும் புகழ்வதோ இகழ்வதோ அன்று.

ஒரு தேர்தல், இரு தோல்விகள்

நமக்கு மிக அருகிலிருந்தே தொடங்குவோம். பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் நசரத்பேட்டை வந்துவிடும். அவ்வூரில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய எம். பக்தவத்சலம் அவர்கள். வளமான குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். வசதியான வீட்டுப் பிள்ளை என்று அவரை ஒதுக்கிவிட இயலாது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றார். 1942இல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் சிறை சென்றார்.

அவருக்கு முன் முதலமைச்சராக இருந்தவர் பெருந்தலைவர் காமராசர். 1903ஆம் ஆண்டு விருதுநகரில் பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சென்றார். 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி நடத்தினார். ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் பகல் உணவு என்ற அவருடைய பணிக்குக் காரணம் அவர் கடந்து வந்த வாழ்க்கையே என்று நாமெல்லாம் கூறுகிறோம். அதில் உண்மை இருக்கிறது.

ஆயினும் 1967ஆம் ஆண்டு நடந்தது என்ன? செல்வக் குடும்பத்தில் பிறந்த பக்தவத்சலம் திருப்பெரும்புதூர்த் தொகுதியில் தோற்றார். எளிய குடும்பத்தில் பிறந்த காமராசர், தாம் பிறந்த விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த ஓர் இளைஞரிடம் தோற்றார். 1965ஆம் ஆண்டின் மொழிப் போராட்டம் மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. அரிசித் தட்டுப்பாடு ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொட்டிருந்தது. எதிர்த்து நின்றவர்கள் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்களித்தனர். அக்காலத்தில் காமராசர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக, தில்லியில் பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தார்.

அரிசிக்காக வரிசையில் நின்ற மக்கள், ஆட்சியாளர்களின் பிறப்பு வரலாற்றைப் பார்க்கவில்லை. தம் குரல் அவர்களுக்கு எட்டியதா என்று மட்டுமே பார்த்தனர். காமராசரின் நேர்மையை அவர்கள் ஐயுறவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் வெற்றி பெற்றதே அதற்குச் சான்று. இளமையில் பட்ட துன்பம் ஒருவருக்கு நல்ல தொடக்கத்தைத் தருகிறது. ஆனால் அது வாழ்நாள் முழுமைக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் அன்று.

பசியை அறிந்த வழிகள்

இனி, பள்ளிப் பிள்ளையின் பசியை எடுத்துக்கொள்வோம். சாதாரண மக்களின் வாழ்க்கையை ஆட்சியாளர் அறிந்தாரா என்று சோதிக்க இதனினும் நல்ல உரைகல் இல்லை.

1920ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டபோது, மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். அவர் பெருவணிகர். 1956இல் பகல் உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் காமராசர். 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் எம்.ஜி.ஆர். அவர் இலங்கையில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, வயிற்றுப் பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பசியின் கொடுமையைத் தாமே அனுபவித்ததாக வெளிப்படையாகக் கூறியவர். 2022 செப்டம்பர் 15இல், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிவைத்த மு.க. ஸ்டாலின், முதலமைச்சரின் மகனாக வளர்ந்தவர்.

பள்ளிக்கு வெளியேயும் ஒன்றைச் சொல்லலாம். 2013இல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது. விடியற்காலையில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் கண்ணால் கண்டோம். அதைத் தொடங்கிய ஜெயலலிதா, சென்னையின் புகழ்பெற்ற கான்வென்ட் பள்ளியில் பயின்றவர்.

இந்த ஐவரில் இருவர் வறுமையைத் தம் வாழ்வில் கண்டவர்கள். மற்ற மூவர் தம் வீட்டில் அதைக் கண்டவர் அல்லர். ஆயினும் அந்தச் செய்தி அவர்களை எட்டியது. சொந்த அனுபவம் ஒரு வாசல். கேட்டறிதல் மற்றொரு வாசல். இரண்டில் ஒன்றேனும் திறந்திருக்க வேண்டும்.

எளிமை மட்டும் போதுமா?

"பிறப்பு வேண்டாம், எளிமையாக வாழ்ந்தால் போதாதா?" என்று கேட்கலாம். இதற்கும் நம் மாநில வரலாற்றிலேயே விடை உண்டு. மூதறிஞர் இராஜாஜி கதராடை உடுத்தி எளிமையாக வாழ்ந்தவர். பொதுப் பணத்தில் கறைபடாதவர். 1952இல் அரிசிப் பங்கீட்டை நீக்கி மக்களின் பாராட்டைப் பெற்றவர். அவரே 1953இல் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளியில் சில மணி நேரம் படித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிகள் குறைவாக இருந்த காலத்தில் அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று அவர் கருதினார். ஆனால் "என் பிள்ளையாவது இந்தத் தொழிலிலிருந்து விடுபட வேண்டும்" என்று ஏங்கிய தகப்பனின் மனம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. எதிர்ப்பு மூண்டது, 1954இல் அவர் பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எளிமை தம் தேவையைக் குறைத்துக்கொள்வது. பிறர் தேவையை அறிவது வேறு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு உமர்கள்

நம் மார்க்க வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. கலீஃபா உமர் பின் கத்தாப் (ரலி) அவர்கள் இளமையில் தம் தந்தையின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். துன்பத்தை அறிந்திருந்தும் "எனக்குத் தெரியும்" என்று அவர்கள் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. இரவில் மதீனாவின் தெருக்களில் நடந்தார்கள். ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்காத நெய்யையும் இறைச்சியையும் தாமும் தவிர்த்தார்கள். மக்களின் முறையீட்டைத் தடுக்கும் வகையில் வாசலை மூடக் கூடாது என்று ஆளுநர்களுக்கு நிபந்தனை விதித்தார்கள்.

உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களோ அரச குடும்பத்தில் பிறந்து, விலையுயர்ந்த ஆடையும் நறுமணமுமாக வளர்ந்தவர்கள். ஹிஜ்ரி 99இல் பொறுப்பு வந்ததும் அரச வாகனங்களைத் திருப்பியனுப்பினார்கள்; குடும்பத்தின் உடைமைகளைப் பைத்துல்மாலில் சேர்த்தார்கள். ஒருவர் மேய்ப்பர், மற்றவர் இளவரசர். இருவரையும் மக்களோடு இணைத்தது, பொறுப்பை ஏற்ற பின் அவர்கள் தேர்ந்துகொண்ட வழக்கமே.

கோடிகளின் காலம்

அப்படியாயின் பின்னணி பொருட்டே இல்லையா என்றால், அதுவும் சரியன்று. ஓர் அவையில் பலவகை வாழ்க்கையை அறிந்தவர்கள் கலந்திருந்தால், ஒருவர் அறியாததை மற்றவர் எடுத்துரைப்பார். அந்தக் கலப்பு இப்போது குறைந்து வருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின், வேட்பாளர்கள் தம் சொத்துக் கணக்கை வாக்குமூலமாக அளிக்கின்றனர். அவற்றை ஆராயும் ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கத்தின் கணக்குப்படி, 2009இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் கோடீஸ்வரர்கள். 2024இல் அது 93 விழுக்காடு.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நிலத்தின் விலை ஏறிவிட்டது. நம் சுற்றுவட்டாரத்தில் பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு கிரவுண்டு மனையும் வீடும் உடையவர், கையில் ரொக்கம் இல்லாமலே காகிதத்தில் கோடீஸ்வரராகிவிடக் கூடும். எனினும் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் செய்யலாம் என்று 2022இல் நிர்ணயிக்கப்பட்ட செலவு வரம்பு சட்டமன்றத்திற்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளி எவரேனும் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? அவர் அவைக்குள் நுழைய முடியாதபோது, அவருடைய வாழ்க்கைச் செய்தியாவது உள்ளே நுழைய வேண்டும். அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே அடுத்த கேள்வி.

வாசலைத் தட்டுகிறோமா?

ரமளான் மாதத்தில் நோன்பு திறப்பு நிகழ்ச்சிகளுக்கு எல்லாக் கட்சியினரும் வருகின்றனர். பொன்னாடை போர்த்துகிறோம், அவர்கள் தொப்பி அணிந்து கஞ்சி அருந்துகின்றனர், படம் எடுக்கிறோம், மகிழ்ச்சியோடு வழியனுப்புகிறோம். விருந்தோம்பல் நம் கடமை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பிய மூதாட்டியைப் பற்றி யாரேனும் சொன்னோமா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் சுற்றுப்புறத் தெருக்களில் நீர் தேங்கியதைப் பற்றிப் பேசினோமா? சொல்லாதவன் ஊமை, ஊமையின் துன்பம் அறியாதவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் "நீங்கள் எந்த வீட்டில் பிறந்தீர்கள்?" என்று கேட்பதைவிட இரண்டு கேள்விகள் கேட்பது நலம். முதலாவது: வெற்றி பெற்ற பின் எந்த நாளில், எந்த இடத்தில், இடைத்தரகர் இல்லாமல் உங்களைச் சந்திக்கலாம்? இரண்டாவது: நாங்கள் பயன்படுத்தும் பள்ளி, மருத்துவமனை, பேருந்து ஆகியவற்றில் எதை நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ பயன்படுத்துகிறீர்கள்?

இரண்டாம் கேள்வி வீண் சவால் அன்று. 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் அவர்கள், தம் மகளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். ஆட்சியரின் குழந்தை பயிலும் பள்ளியில் குடிநீரும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று அறிய, அவருக்குத் தனி அறிக்கை தேவைப்பட்டிராது. உத்தரப் பிரதேசத்தில் அரசு ஊழியரும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வழிசெய்யுமாறு 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் நீதிமன்றம் கண்ட காரணம் சரியானதே: தாம் அருந்தாத நீரின் சுவை யாருக்கும் தெரியாது.

அதே அளவுகோல் நமக்கும்

அன்பர்களே! இதுவரை சொன்னவற்றைக் கேட்டுத் தலையசைத்தீர்கள். இதே அளவுகோலை நம் ஜமாஅத்தின் மீதும் வைத்துப் பார்ப்போமா?

எந்த ஊர்ப் பள்ளிவாசலாயினும், நிர்வாகப் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொந்த வீடும் கடையும் உடையவர்கள். அவர்களுடைய உழைப்பும் கொடையும் இல்லாமல் பள்ளிவாசல் நடக்காது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் விதவைத் தாய்க்கு மாதத்தின் எந்தத் தேதியில் நெஞ்சு படபடக்கிறது என்பது நிர்வாகத்திற்குத் தெரிகிறதா? பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வந்து, ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டுப் போகும் இளைஞர் ஒருவர் நோயுற்றால், யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியுமா? மிம்பரில் நின்று பேசுபவனும் இக்கேள்விகளுக்கு விலக்கு அல்லன்.

எனவே இப்பொதுக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் ஒரு மணி நேரம் அமர்ந்து, சந்தா செலுத்தியவர், செலுத்தாதவர் என்ற வேறுபாடின்றி யாவரின் குறையையும் கேட்க வேண்டும். பெண்களின் முறையீட்டைப் பெறுவதற்கு நம்பிக்கைக்குரிய மூத்த தாய்மார் இருவரை அமர்த்த வேண்டும். அடுத்த பொதுக்கூட்டம் முதல், ஷிப்டு வேலைக்குச் செல்வோரும் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

இப்படிக் கேட்டறிந்தவற்றை எழுதி வைத்தால், நாளை எந்த வேட்பாளர் நம் வாசலுக்கு வந்தாலும் அவர் கையில் கொடுக்க நம்மிடம் உண்மையான ஒரு பட்டியல் இருக்கும். அவர் மாளிகையில் பிறந்தவராயினும் குடிசையில் பிறந்தவராயினும், அப்பட்டியலை என்ன செய்தார் என்பதைக் கொண்டு அவரை அளப்போம். நம் நிர்வாகத்தையும் அப்படியே அளப்போம்.

பொறுப்பில் இருப்பவர்களின் உள்ளங்களையும் வாசல்களையும் எளியோருக்காகத் திறந்து வைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.