பிள்ளையின் ஆர்வமும் ஓர் அமானிதமே

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவி கேட்டு வரும் பிள்ளைகளிடம், "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் பதில் அத்தாவிடமிருந்தே வருகிறது. பிள்ளை பேசாமல் நிற்கிறது. கடன் வாங்கிச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் படிப்பு நின்றுபோன வீடுகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. ஆகவே இன்று ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த யதீம். மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே திறந்த கதவு பிறகு மூடவே இல்லை.

ஆர்வம் சோறு போடுமா? நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை நிதியில்லாமல் நீக்கப்பட்டிருந்தது. மனைவி தஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்ற பிறகே மீதியை முடிக்கும் என்று கண்டு எழுதினார். நம்மூர்ப் பனைமரத்தில் தொங்கும் அதே கூடுதான். எத்தனை தலைமுறை அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோயிருக்கிறோம்! வேலையில்லாத நாட்களின் அந்த உழைப்பு அவருக்குப் பெயர் தந்தது.

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. 1976-இல் ஐம்பதாயிரம் டாலர் பரிசு கிடைத்தபோது, தம்மை வளர்த்த அதே கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் கோவை ஆனைகட்டியில் இன்று ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

மாணவச் செல்வங்களே! செல்போனில் நேரம் போவதெல்லாம் ஆர்வமல்ல. கூலி கிடைக்காத நாளிலும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யவைப்பதே ஆர்வம். அதனால் வந்ததைப் பிறருக்கும் பயன்பட வைப்பதே பண்பு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது நிலைக்காது.

பெற்றோர்களே! உங்கள் அச்சம் எங்களுக்குத் தெரியும். வருமானத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையின் மனதையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறோம். அதில் அல்லாஹ் வைத்திருக்கும் நாட்டம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தையல், வேளாண்மை, ஓவியம், விலங்கியல் என எதுவானாலும், உழைக்கும் பிள்ளைக்கு இந்த டிரஸ்ட் தன்னால் இயன்றதைச் செய்யும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கல்வியை அவர்களுக்கும் மக்களுக்கும் பயனுள்ளதாக வல்ல ரஹ்மான் ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.