ஓட்டுநரின் இடுப்புவலியும் சரக்குக் கட்டணமும்



சாலைப் போக்குவரத்தின் வளர்ச்சியை டன்-கிலோமீட்டர் கணக்கில் அளப்பது வழக்கம். டீசல், டயர், சுங்கம், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் யாவும் சரக்குக் கட்டணத்தில் இடம்பெறுகின்றன. அக்கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதுவே லாரி ஓட்டுநரின் இடுப்புவலி.

இதனை வயதின் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. தொழிலும் இதற்கு ஒரு காரணமாகும். அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, விநாடிக்கு 4 முதல் 6 முறை நிகழும் மேல்கீழ் அதிர்வில் மிகுதியாகக் குலுங்கும் இயல்புடையது. கனரக வாகனங்களின் அதிர்வில் ஒரு பகுதி இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்தலும், வண்டியை நிறுத்தியதும் சுமை இறக்கக் கைகொடுத்தலும் துன்பத்தைப் பெருக்குகின்றன.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பொதுவாக வேலை நேரத்தை வரையறுத்தது. ஆயினும் 5 பேருக்குக் குறையாத தொழிலாளர் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்திற்று. ஓரிரு லாரிகள் மட்டுமே உடைய சிறு உரிமையாளர்களின் ஓட்டுநர்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது இணைக்கப்பட்டது.

சட்டத்திற்கு அப்பால் பொருளாதாரக் காரணமும் உண்டு. நல்ல இருக்கைக்கு ஆகும் செலவு உரிமையாளருடையது; பயனோ ஓட்டுநருடையது. எனவே உரிமையாளர் தயங்குகிறார். நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் ஓட்டுநரோ, ஓய்வெடுத்தால் வருவாய் குறையும் என அஞ்சுகிறார். இருவரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டால் இக்குறை தீராது.

தீர்வு உற்பத்தி நிலையிலேயே தொடங்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டது. வெப்பத்திற்குச் செய்தது அதிர்வுக்கும் இயலும். ஐரோப்பிய நாடுகள் 2002-ஆம் ஆண்டின் நெறிமுறை வாயிலாகத் தொழிலாளர் தாங்கும் அதிர்வுக்கு உச்சவரம்பு விதித்தன. ஜெர்மனி 1993 முதல், நெடுங்கால அதிர்வால் நேரும் இடுப்பு முள்ளெலும்பு வட்டுநோயைத் தொழில்நோயாக ஏற்றுள்ளது.

அதிர்வு தாங்கும் இருக்கை, நெடுஞ்சாலை ஓய்விடம், சுமை இறக்கத் தனி ஆள், காலமுறை மருத்துவச் சோதனை ஆகிய நான்கும் இன்றியமையாதவை. இவற்றின் செலவு கட்டணத்தைச் சிறிது உயர்த்தக்கூடும். ஆனால் அது புதிய செலவன்று. நாற்பது வயதில் ஸ்டியரிங்கை விட்டு இறங்க நேரும் ஓட்டுநரின் குடும்பம் இன்று தனியே சுமப்பதும் அச்செலவையேயாகும்.