நாணயமே முதல்

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில் டாட்டா என்னும் பெயரை அறியாதார் இலர். உப்பு முதல் உருக்கு வரை அப்பெயர் நம் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரில் அத்தொழிலை ஒட்டியே வாழ்வமைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இப்பெரிய ஆலமரம் எந்த வேரின் மீது நிற்கின்றது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

குஜராத்தில் நவசாரி என்னும் ஊரில், பார்ஸி குடும்பமொன்றில், 1839-ஆம் ஆண்டு ஜாம்ஷெட்ஜி டாட்டா பிறந்தார். 1868-இல் 21,000 ரூபாய் முதலிட்டுச் சொந்த வாணிகம் தொடங்கினார். பருத்தி விளையும் நிலத்திற்கு அருகிலேயே ஆலை அமைதல் வேண்டும் என்று கருதினார். ஆகவே பம்பாயில் அன்றி நாகபுரியில் அவர் எழுப்பிய எம்பிரஸ் ஆலை, 1877 ஜனவரி முதல் நாளில் தொடங்கப்பெற்றது.

நம் நாட்டிலேயே உருக்குச் செய்தல் வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. மயூர்பஞ்ச் மலைகளில் உயர்ந்த இரும்புத்தாது இருப்பதை நிலவியலறிஞர் பிரமதநாத் போஸ் 1904-இல் தெரிவித்தார். ஆயின் அவ்வாண்டிலேயே ஜாம்ஷெட்ஜி காலமானார். மூத்த மகன் தோராப்ஜி அப்பணியை மேற்கொண்டார். லண்டனில் மூலதனம் திரட்ட முயன்றார்கள், கைகூடவில்லை. 1907-இல் இந்திய மக்களையே நாடினார்கள். மூன்றே வாரங்களில் ஏறக்குறைய 8,000 பேர் பங்குகளை வாங்கினர். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. அம்மக்கள் ஒரு குடும்பத்தின் நேர்மையை நம்பியே தம் காசைக் கொடுத்தனர்.

சுவர்ணரேகை ஆற்றங்கரையில் சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912-இல் உருக்கு உருவாயிற்று. அவ்வூரே 1919-இல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் உருக்கின் விலை வீழ்ந்தது. அயல்நாட்டு உருக்கு மலிவாக வந்து குவிந்தது. 1924-இல் கூலி கொடுக்கவும் பணமில்லை. அப்போது தோராப்ஜி, மனைவி மெஹர்பாயின் நகைகள் உட்படத் தம் சொந்தச் செல்வத்தை இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்றார். அவ்வாண்டிலேயே பாதுகாப்புத் தீர்வைச் சட்டமும் வந்தது. ஆலை பிழைத்தது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைத்தல் தகாது. 1912-இலேயே அங்கு எட்டு மணி நேர வேலை முறை வந்தது உண்மை. ஆயினும் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்கள் செய்தனர். 1928-இல் சுபாஷ் சந்திர போஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். முதலாளி நகையை ஈடுவைத்தார். தொழிலாளியோ கொதிக்கும் உலையின் முன் தன் உடலையே ஈடுவைத்தான். தனக்கும் நியாயம் வேண்டும் என்று அவன் கேட்டது முறையே.

இன்று டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதி அறக்கட்டளைகளின் உடைமை. மும்பையில் 1941-இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அவ்வறத்தில் முளைத்ததே. மும்பைவாழ் தமிழருள் அதன் வாயிலை மிதித்தோர் பலர்.

வேற்றூரில் வாழும் நமக்குப் பூர்விக நிலமோ, துணைக்கு நிற்கும் சுற்றமோ அருகில் இல்லை. கடைக்காரர் கடன் தருவதும், வீட்டுக்காரர் சாவி தருவதும் நம் சொல்லை நம்பியே. அந்த நாணயத்தைத் தேடிக்கொள்வதற்கு ஆண்டுகள் பல ஆகும். இழப்பதற்கோ ஒரு நாள் போதும். பெரிய தொழிலுக்கும் சிறிய குடும்பத்திற்கும் முதல் அதுவே.